உப்புக்காற்றில் நாளைய கார்: கேள்வி பதில்

மண்டபம் ஊரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். எடை குறைந்த பாடி, மின்சார கார், ஹைட்ரஜன் என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

பாம்பன்: அலுமினிய பாடி வந்தால் நம்ம ஊரில் துருத் தொல்லை தீர்ந்துதாண்ணே?

துரு பிடிக்காது, அரிக்கும். அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய படலம் உண்டாகும். உப்பு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் மூட்டுகளில். அலுமினியத் தகட்டில் இரும்பு போல்ட் போட்டு நடுவில் உப்பு ஈரம் தங்கினால், அந்த இடம் சின்ன பேட்டரி ஆகிவிடும். கரைவது அலுமினியம். கார்பன் ஃபைபரை நேராக ஒட்ட வைத்தால் இன்னும் வேகமாகக் கரையும். அதனால்தான் கம்பெனியில் நடுவில் பசையோ பிளாஸ்டிக் வாஷரோ வைத்துப் பிரிக்கிறார்கள். நம் ஆட்கள் ரிப்பேரில் வாஷரைத் தூக்கி எறிந்துவிட்டு, கைக்குக் கிடைத்த போல்டை முடுக்குகிறார்கள். அப்புறம் போல்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளிக்கும். ஸ்குரூடிரைவரால் கீறினால் வெள்ளையாக மாவு உதிரும். வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

தொண்டி: படகை ஃபைபரில் செய்கிறோம், காரை ஏன் செய்யக்கூடாது?

செய்தார்கள். 1953இல் வந்த கார்வெட் காரின் பாடி ஃபைபர்தான். 1980களில் பெங்களூரில் சிபானி டால்ஃபின் என்ற ஃபைபர் கார் வந்தது. படகுக்கு அச்சில் கண்ணாடி நார்ப் பாய் விரித்து, ரெசின் தடவி, இறுகும்வரை காத்திருக்கலாம். பிரஸ்ஸில் இரும்புத் தகடு சில நொடியில் கதவாகி விழும்போது, லட்சக்கணக்கில் கார் செய்கிறவன் ஏன் காத்திருப்பான்?

தேவிபட்டினம்: மின்சார காரை மழைத் தண்ணீரில் ஓட்டலாமா?

பேட்டரியில் ஐபி67 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்தது என்று பொருள். கடல் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2022இல் இயன் புயலில் ஃபுளோரிடாவில் கடல்நீர் புகுந்த மின்சார கார்களில் சில பிறகு தீப்பிடித்தன. போட்டோவுக்காக தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் வண்டியை இறக்காதீர்கள்.

ஏர்வாடி: கடல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?

மேலே இருக்கிறது.

கீழக்கரை: காக்கா (அண்ணே), வெயிலும் கடலும் நம்மகிட்ட இருக்கு. ஹைட்ரஜன் கார்தானே நமக்குச் சரி?

கணக்குப் போடுவோம் தம்பி. தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்டு வேண்டும். அதை 700 பார் அழுத்தத்தில் அடைக்கத் தனிச் செலவு. அந்த ஒரு கிலோவில் டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் கார் 100 கிலோமீட்டர் சுமாருக்கு ஓடும். அதே 50 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் சாதாரண மின்சார கார் 300 ஓடும். கமுதி சோலார் கரண்டை எதில் போடுவீர்கள்? இன்னொன்று, கடல் தண்ணீரை அப்படியே கருவியில் ஊற்ற முடியாது, குளோரின் கிளம்பும். முதலில் உப்பு நீக்க வேண்டும்.

கீழக்கரை: சார்ஜ் போட மணிக்கணக்காகுதே? பேட்டரி கனமும் நூற்றுக்கணக்கான கிலோ!

கனம் உண்மை. அந்தக் கனத்தை ஈடுகட்டத்தான் 2013இல் பிஎம்டபிள்யூ ஐ3-க்கு கார்பன் ஃபைபர் கூடு போட்டார்கள். ஆனால் கார் ராத்திரி முழுக்க வாசலில் சும்மாதானே நிற்கிறது? அப்போது சார்ஜ் ஏறட்டும்.

ராமேஸ்வரம்: லாரிக்கு என்ன சொல்வீங்க? தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய் வரணும்.

சரி, நெடுந்தூர லாரியில் பேட்டரி கனம் லோடைத் தின்னும். அங்கே ஹைட்ரஜனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தூத்துக்குடி பக்கம்தான், அதற்கு பேட்டரியே போதும் என்பேன். காருக்கு வாய்ப்பு இல்லை என்பதில் மாற்றமில்லை.

கீழக்கரை: கரண்டே நிலக்கரியில்தானே வருது காக்கா?

ஹைட்ரஜனும் அதே கரண்டில் செய்தால் மூன்று மடங்கு நிலக்கரி, தம்பி.

உப்பூர்: கடற்கரையில் நிறுத்தினால் அலுமினியம்…

வாஷர். நல்ல தண்ணீர். முதல் பதிலைப் படியுங்கள்.

வாலிநோக்கம்: சோடியம் பேட்டரி வந்தால் நம்ம உப்பளத்துக்கு யோகமா?

சோடியம் மலிவு என்பதால்தான் அந்த பேட்டரியைச் செய்கிறார்கள். மலிவுச் சரக்கை விற்று யாருக்கு யோகம்?