தென்னை மரத்தில் டிஷ் கட்டலாமா? நுகர்வோர் கேள்வி-பதில்

கே: பட்டுக்கோட்டை பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. ஃபைபர் இன்னும் வரவில்லை. கடைத்தெருவில் ஒரு நிறுவனம் வயர்லெஸ் இன்டர்நெட் தருகிறது. அவர்களுடைய டவர் 800 மீட்டர் தூரம் இருக்கும். மாட்ட வந்த பையன், "கம்பத்துக்கு வேறு எதுக்குண்ணே செலவு? தென்னையிலேயே கட்டிடலாம், உயரமும் கிடைக்கும்" என்கிறான். சரி என்று சொல்லலாமா?

ப: சொல்லாதீர்கள்.

தென்னை ஆடும் என்று தோப்புக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு ஆடினால் இணைப்பு போகும் என்பதுதான் விஷயம். 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் இரண்டடி டிஷ்ஷின் கதிர் அகலம், அதாவது அலை பாயும் கோணம், மொத்தமே ஆறு டிகிரி. மரம் ஒரு பக்கம் மூன்று டிகிரி சாய்ந்தாலே சிக்னலின் பலம் பாதியாகிவிடும். காலையில் மாட்டும்போது வேகம் அருமையாக இருக்கும். மதியத்துக்கு மேல் காற்று ஏறியதும் விட்டுவிட்டு வரும். நீங்கள் புகார் செய்வீர்கள். அவர்கள் மறுநாள் காலை காற்றில்லாத நேரத்தில் வந்து பார்த்து, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டிஷ் இல்லாத சின்ன பேனல் கருவிக்குக் கதிர் அகலம் அதிகம், இந்தத் தொல்லை குறையும். ஆனால் மற்றத் தொல்லைகள் அப்படியேதான் இருக்கும்.

மரத்தில் ஆணி அடித்தாலும், கிளாம்ப் உரசிப் பட்டை கிழிந்தாலும், அந்தக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். மாதம் சில நூறு ரூபாய் இன்டர்நெட்டுக்காகக் காய்க்கிற மரத்தைப் பணயம் வைப்பானேன்? அதோடு ஒவ்வொரு பழுதுக்கும் ஆள் ஏற வேண்டும். மரம் ஏறத் தெரிந்தவருக்கு கேபிள் முனையில் கனெக்டர் அடிக்கத் தெரியாது, அது தெரிந்தவருக்கு மரம் ஏறத் தெரியாது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு உங்கள் பகுதித் தென்னைகள் கிடந்த கோலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பையன் உயரத்தைப் பார்க்கிறான். தோப்புக்குள் உயரம் தேடுவதே தப்புக் கணக்கு. தென்னை ஓலையில் இருக்கும் ஈரம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சிவிடும். அதைத் தாண்டி மேலே போக அறுபதடி வேண்டும். கொண்டைக்குக் கீழே பாருங்கள், வெறும் தண்டுகள்தான். 15 அடியில், தண்டுகளுக்கு இடையே டவர் தெரிகிற சந்து கிடைத்தால் அதுவே நல்ல பாதை. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நின்று, இரண்டு மூன்று அடி இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 800 மீட்டருக்கு நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றிலும் இரண்டு மீட்டராவது பெரிய தடை இல்லாமல் இருக்க வேண்டும். ஓரிரு தண்டுகள் அந்த வட்டத்தின் ஓரத்தில் வந்தால் பாதகமில்லை, நேர் எதிரே நின்றால் கஷ்டம்.

இடம் பிடிபட்டதும் ஒன்றரை அங்குல ஜிஐ பைப் வாங்குங்கள். கடையில் மூன்று தரம் இருக்கும்: மஞ்சள் பட்டை போட்டது லைட், நீலப் பட்டை மீடியம், சிவப்புப் பட்டை ஹெவி. நீலம் கேளுங்கள். கேட்காவிட்டால் மஞ்சள்தான் வரும். சுவரில் பிடிப்பதென்றால் இரண்டு பிராக்கெட், ஒன்றுக்கொன்று இரண்டடி இடைவெளியாவது வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் வரிச் செங்கலில் ஆங்கர் போல்ட் அடிக்காதீர்கள், முதல் புயலில் செங்கலோடு வரும். பிடிமானத்துக்கு மேல் பத்தடிக்கு அதிகமாகப் பைப் நின்றால் மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்ட வேண்டும்.

இது அதிகச் செலவு என்று தோன்றினால் ஒரு கணக்கு. மணிக்கு 110 கிலோமீட்டர் காற்றில் இரண்டடி டிஷ் மேல் கிட்டத்தட்ட 18 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளும். 180-ல் அது 50 கிலோ. கட்டடங்களைத் தாக்கும் காற்றுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-ல் கோயம்புத்தூருக்கு வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அந்த 50 மீட்டர்தான் மணிக்கு 180 கிலோமீட்டர். கடலோரத்தில் இருக்கும் நீங்கள் மூடிய டிஷ்ஷுக்குப் பதில் கம்பிவலை டிஷ்ஷாகக் கேட்டு வாங்குங்கள். 800 மீட்டருக்குச் சின்ன பேனலே போதும் என்பது என் கருத்து. பெரிய டிஷ் விற்றால் கடைக்காரருக்கு லாபம், கம்பம் விற்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. பேச்சு டிஷ்ஷைச் சுற்றியே ஓடுவது அதனால்தான்.

கே: திண்டுக்கல் அருகே தோட்டம். வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. 600 மீட்டர் தள்ளி இருக்கும் மோட்டார் ரூமுக்கு அதை வயர்லெஸ்ஸில் கொண்டுபோய்க் கேமரா வைக்க வேண்டும். போர்வெல்லில் இருந்து உருவிய பழைய இரண்டங்குல பைப் கிடக்கிறது, அதை நட்டால் போதுமா? இதற்கு லைசென்ஸ் எதுவும் வேண்டுமா?

ப: லைசென்ஸ் வேண்டாம். வைஃபை வகை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை, மின்திறன் வரம்புக்குள் இருந்தால், உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. கருவி வாங்கும்போது இந்தியாவில் விற்க ஒப்புதல் பெற்ற மாடலா என்று மட்டும் கேளுங்கள். கருவிக்குள் நாடு என்ற இடத்தில் இந்தியாவையே வையுங்கள். வேறு நாட்டை வைத்தால் பவர் கூடும் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

போர் பைப் தாராளமாக உதவும். ஆனால் மரை வெட்டிய இடத்தில் பைப்பின் கனம் பாதிதான் இருக்கும், வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்து துருவும் பிடித்திருக்கும். இரண்டு துண்டை சாக்கெட் போட்டு நீட்டினால் ஒடிவது அந்த மரையில்தான். மரைப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒரே நீளமாக நடுங்கள். மூன்றடிக் குழி, கான்கிரீட், பைப்பின் மேல்வாயில் மூடி. மூடி போடாத பைப்பில் மழைத்தண்ணீர் இறங்கி அடியில் நின்று உள்ளிருந்தே அரிக்கும், குளவியும் குடியேறும். மோட்டார் ரூம் கூரை சிமென்ட் ஷீட்டாக இருந்தால் அதன் மேல் எதையும் மாட்ட வேண்டாம், ஆளும் ஏற வேண்டாம். பைப்புக்குப் பதில் சவுக்குக் கம்பு நடுவதென்றால், சோதனைக்கு ஒரு வாரம் நிற்கட்டும், அவ்வளவுதான். மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கரையான் சும்மா விடாது.

தோட்டத்துக்கு மின்கம்பி வருகிறதல்லவா? கம்பம் சாய்ந்தால் அந்தக் கம்பியைத் தொடாத தூரத்தில் நடுங்கள். இருபதடிக் கம்பம் என்றால் இருபத்தைந்து அடியாவது தள்ளி. நட்டு நிறுத்தும்போதுதான் ஆபத்து அதிகம், நாலு பேர் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. இந்தக் கருவிகளுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. அலுமினியத்தில் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கி, கருவி அடிக்கடி அணைந்து எழும். முழுச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை, இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சாம்பல் நிற உள்வீட்டு கேபிள் நம் வெயிலுக்கு ஓரிரு வருஷத்தில் வெடித்துவிடும். அறைக்குள் நுழையும் துளைக்கு முன் கேபிளைக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கே: சந்தையில் "சிக்னல் பூஸ்டர்" விற்கிறார்கள். கூரையில் ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு பெட்டி. வாங்கலாமா?

ப: வேண்டாம். செல்போன் சிக்னலைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். பக்கத்து வீடுகளின் சிக்னலையும் அது கெடுக்கும். வெளியில் மாட்டும் 4ஜி ரூட்டர் வேறு, அது முறையான பொருள். அதில் சிம் போடும் கருவியே மேலே இருக்கும், நெட்வொர்க் கேபிள் கீழே இறங்கும். கருவியைக் கீழே வைத்து மெல்லிய ஆன்டெனா ஒயரைப் பத்து மீட்டர் இழுத்தால், மேலே பிடித்த சிக்னலில் பெரும்பகுதி ஒயரிலேயே போய்விடும்.

கே: வீட்டு மாடியில் மாட்டிய வயர்லெஸ் கருவி இடி மழையில் இரண்டு முறை புகைந்துவிட்டது. மாட்டிக்கொடுத்த நிறுவனம், "இடிக்கு வாரண்டி கிடையாது" என்று இரண்டு முறையும் பணம் வாங்கியது. கேட்க முடியுமா?

ப: இடியா, மின்சாரமா என்று முதலில் பாருங்கள். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப்புறக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தபோது, அதை அமைத்துக் கொடுத்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் எழுதிய கட்டுரையில், கருவிகளைக் கெடுத்த முக்கியக் காரணமாக மின்சாரத்தின் தரக்குறைவைச் சொன்னார்கள். ஏறி இறங்கும் மின்னழுத்தம், திடீர் எகிறல். உங்கள் வீட்டிலும் அதுவாக இருக்கலாம். 24 வோல்ட் கருவிக்கு 48 வோல்ட் அடாப்டரை மாற்றிச் செருகினாலும் புகையத்தான் செய்யும். கருவியின் அடியில் எழுதியிருப்பதையும் அடாப்டரில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கம்பத்துக்கு எர்த் போட்டார்களா? கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், திடீர் மின் எகிறலைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் வைத்தார்களா? இடி நேராக விழுந்தால் எதுவும் தாங்காது. ஆனால் பெரும்பாலும் பக்கத்தில் விழும் இடியின் தூண்டலில்தான் கருவி போகிறது, அதை இந்த இரண்டும் வெகுவாகக் குறைக்கும். இரண்டும் போடாமல், போட வேண்டும் என்று சொல்லவும் இல்லாமல் மாட்டிவிட்டு "வாரண்டி கிடையாது" என்றால், அது சேவைக் குறைபாடு என்று வாதாட உங்களுக்கு இடமிருக்கிறது. மாட்டியதற்குக் கூலி வாங்கிய பில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். தொலைத்தொடர்பு விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் வராது என்று யாராவது சொன்னால், வரும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள். எரிந்த கருவிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கே: ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டி எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அதில் மாட்டிக்கொள்ளலாமா? இல்லையென்றால் தெருமுனை மின்கம்பம்?

ப: தொட்டிக்கு ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குடிநீர்த் தொட்டி என்பதால் தரத் தயங்குவார்கள், அது நியாயம்தான். தந்தால், கான்கிரீட்டில் துளை போடாமல் ஏணியை ஒட்டிய கைப்பிடிக் கம்பியில் யூ போல்ட் போட்டுப் பிடியுங்கள். மின்கம்பத்தில் கூடவே கூடாது. கேபிள் டிவிக்காரர்கள் கட்டியிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். மின்வாரிய ஆள் கம்பத்தில் ஏறும் நாளில் உங்கள் ஒயரைத்தான் முதலில் வெட்டுவார்.