பிஸ்காயாவில் நம் வரிப்பணம் முதலில் போய்ச் சேரும் இடம்

தம்பி, மாட்ரிட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுக் கடந்த ஆண்டு மார்ச்சில் வேலை மாறிப் பிஸ்காயா மாகாணத்துப் பில்பாவோவுக்கு வந்ததாகவும், இப்போது ‘பிஸ்காய்கோ ஃபோரு அல்துந்தியா’ என்ற பெயரில் வரி தொடர்பான கடிதம் வந்திருப்பதாகவும், வரித்துறை அப்படியொரு பெயரில் கடிதம் அனுப்பாது, அது மோசடி என்று மாட்ரிட் நண்பர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். அது மோசடி அல்ல, பிஸ்காயா மாகாண அரசு அனுப்பியதுதான். உங்கள் நண்பர் ஊரில் அவர் சொல்வது சரி. இங்கே அது பொருந்தாது. இந்த மாகாண அரசு என்பது என்ன, எதற்கு யாரிடம் போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வந்த புதிதில் இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘மாகாணம்’ என்றதும் நமக்கு மாவட்டமும் ஆட்சியர் அலுவலகமும் நினைவுக்கு வரும். அந்த எண்ணத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் ஆலவா, பிஸ்காயா, கிபுஸ்கோவா என்று மூன்று மாகாணங்கள் உள்ளன. ‘வரலாற்று ஆட்சிப்பகுதிகள்’ என்பது சட்டம் அவற்றுக்குத் தரும் பெயர். மேலிருந்து நியமிக்கப்பட்ட அதிகாரி இவற்றை ஆள்வதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நகராட்சித் தேர்தல் நடக்கும் அதே நாளில், ஒவ்வொரு மாகாணத்து மக்களும் 51 உறுப்பினர் கொண்ட ‘ஹுந்தாஸ் ஹெனெராலெஸ்’ என்ற பேரவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பேரவை மாகாணத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர் தம் துறைத் தலைவர்களுடன் சேர்ந்து நடத்தும் அரசே அல்துந்தியா, ஸ்பானிய மொழியில் ‘திபுத்தாசியோன் ஃபோரால்’. 2023இல் பிஸ்காயாவில் எலிசாபெத்தே எச்சனோபேயும் கிபுஸ்கோவாவில் எய்தெர் மெந்தோசாவும் அந்தந்த மாகாணத்தின் முதல் பெண் தலைவர்களாகப் பொறுப்பேற்றார்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த ஊரின் ஆட்சிமுறை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. இந்தியாவில் வருமான வரியை மத்திய அரசு வசூலித்து, நிதி ஆணையம் வகுத்த விகிதப்படி மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறது. இங்கே அது தலைகீழ். வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக் கூட்டு வரி ஆகிய அனைத்தையும் மாகாணத்தின் சொந்த வரித்துறையான ‘ஆசியெந்தா ஃபோரால்’ வசூலிக்கிறது. வருமான வரிக்கும் நிறுவன வரிக்கும் பேரவையே தனிச் சட்டம் இயற்றுகிறது. அதனால்தான் ஸ்பெயினின் பிற பகுதிகளில் பொதுவாக 25 விழுக்காடாக உள்ள நிறுவன வரி பிஸ்காயாவில் 24 விழுக்காடாக இருக்கிறது. வசூலான தொகையில், மாட்ரிட்டுக்குரிய பங்கு போக மீதியில், சுமார் 70 விழுக்காட்டை மாகாணங்கள் வித்தோரியாவிலுள்ள பாஸ்க் அரசுக்கு அளிக்கின்றன. அதைக் கொண்டுதான் பள்ளிகளும், ஒசகிதெட்சா மருத்துவமனைகளும், எர்ட்சைன்ட்சா காவல்துறையும் நடக்கின்றன. எஞ்சியதில் ஒரு பெரும் பங்கு நகராட்சிகளுக்குப் போகிறது. பிஸ்காயாவில் அதற்கென ‘உதால்குட்சா’ என்ற நிதியம் இருக்கிறது.

மாட்ரிட்டுக்கு ‘கூப்போ’ என்ற தொகை செல்கிறது. படை, வெளியுறவு போன்று பாஸ்க் நாட்டிடம் ஒப்படைக்கப்படாத பணிகளுக்கு மத்திய அரசு செய்யும் செலவில் 6.24 விழுக்காட்டைத் தங்கள் பங்காக இவர்கள் ஏற்கிறார்கள். அதிலிருந்து சில கழிவுகள் போக மீதியைக் கட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கணக்கு மத்திய அரசின் செலவை வைத்துப் போடப்படுகிறதே தவிர, இங்கே எவ்வளவு வசூலானது என்பதை வைத்து அல்ல. ஆலைகள் மூடி வசூல் சரிந்தாலும் கூப்போவைக் கட்டியே ஆக வேண்டும். இது வெறும் சலுகை என்று பிற பகுதிகளில் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். தொகை குறைவாகக் கணக்கிடப்படுகிறது என்ற வாதத்தில் பேச இடமுண்டு, ஆனால் இழப்பின் பொறுப்பையும் இவர்களே சுமக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

இதன் பின்னால் நெடிய வரலாறு உண்டு. பழைய தன்னாட்சி உரிமைகளை 1876இல் ஸ்பெயின் நாடாளுமன்றம் ஒழித்தது. அதற்கு ஈடாக 1878இல் பிறந்ததுதான் ‘கொன்சியெர்த்தோ எகோனோமிகோ’ என்ற நிதி உடன்படிக்கை. உள்நாட்டுப் போரில் பில்பாவோ வீழ்ந்தவுடன், 1937 ஜூனில், பிஸ்காயாவையும் கிபுஸ்கோவாவையும் துரோக மாகாணங்களாகக் கருதி அவற்றின் உடன்படிக்கையைப் படைத்தலைவர் ஃபிராங்கோ பறித்தார். அவர் பக்கம் நின்ற ஆலவாவுக்கு மட்டும் அது நீடித்தது. 1979இல் வந்த, பாஸ்க் தன்னாட்சிச் சட்டமான கெர்னிகா சாசனத்தைத் தொடர்ந்து, 1981இல் மூன்று மாகாணங்களுக்கும் உடன்படிக்கை மீண்டது. 2002இல் காலவரம்பற்றதாக ஆக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கெர்னிகாவுக்குப் போய் வாருங்கள். பிஸ்காயாவின் பேரவை இன்றும் கூடுவது அங்கேதான். 1937 ஏப்ரல் 26ஆம் நாள் குண்டுவீச்சில் ஊர் எரிந்தபோதும் பேரவை மண்டபமும் பழைய உரிமைகளின் அடையாளமாக அதன் அருகில் நின்ற ஓக் மரமும் தப்பின. அதற்கு முந்தைய பழைய மரத்தின் பட்டுப்போன அடிமரத்தைத் தூண்கள் சூழ்ந்த சிறு மண்டபத்தில் காத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மகனுக்கு அதைக் காட்டியபோது, அருகில் நின்ற முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டதை நான் மறக்கவில்லை.

அன்றாட வாழ்வில் அல்துந்தியாவை எங்கெல்லாம் பார்ப்பீர்கள் என்றால், முதலில் சாலையில். ஊர்களுக்கிடையே ஓடும் பிஸ்காய்புஸ் பேருந்துகள் அதனுடையவை. நெடுஞ்சாலைகளும் அப்படித்தான், பாராசார் கணவாய் வழியாக வித்தோரியாவுக்குப் போகும்போது மாகாண எல்லையைத் தாண்டியதும் சாலையின் பராமரிப்புப் பொறுப்பு வேறு அரசின் கைக்கு மாறிவிடும்.

அடுத்தது முதியோர், ஊனமுற்றோர், ஆதரவற்ற சிறார் ஆகியோரின் பராமரிப்பு. எங்கள் கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் எண்பத்தேழு வயது மூதாட்டிக்காக நகராட்சியின் சமூகப் பணியாளர் வழியே விண்ணப்பித்தோம். சில மாதங்களில் அல்துந்தியாவிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், மேல்சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், மாத்திரைப் பெட்டியில் இன்று எடுக்க வேண்டியது எது என்று கேட்டார். பாட்டி வெட்கப்பட்டு எல்லாம் தன்னால் முடியும் என்றே சொல்லிக்கொண்டிருக்க, அவர் அவசரப்படாமல் ஒன்றரை மணி நேரம் அமர்ந்து உண்மை நிலையைக் குறித்துக்கொண்டார். மாகாண அரசு என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது.

உங்கள் வரி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டின் பெரும்பகுதி நாட்கள் எங்கே வசித்தீர்கள் என்பதே அடிப்படை. மார்ச்சிலிருந்து இங்கே இருப்பதால் கடந்த ஆண்டுக்கான கணக்கை நீங்கள் பிஸ்காயாவில்தான் தாக்கல் செய்ய வேண்டும். மாட்ரிட்டில் இருந்த மாதங்களில் சம்பளத்தில் பிடித்த வரியையும் அதிலேயே காட்டலாம், வீணாகாது. நானும் வேறு நகரத்திலிருந்து மாறி வந்தவள்தான். அங்கிருந்த ஆலோசகர் ஒருவர் பழைய வழக்கப்படி மத்திய வரித்துறையிலேயே என் கணக்கைத் தாக்கல் செய்துவிட, இரு தரப்புக்கும் விளக்கக் கடிதம் எழுதி அதைச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எனவே ஆலோசகரை வைத்துக்கொள்வதானால் இந்த மாகாணச் சட்டம் அறிந்தவராகப் பாருங்கள்.

வசிப்பிடப் பதிவுக்கு நகராட்சி, வெளிநாட்டவர் அட்டைக்கு தேசியக் காவல்துறை, மருத்துவ அட்டைக்கு ஒசகிதெட்சா என்று மற்றவை தனித்தனி இடங்கள். ஸ்பெயின் குடியுரிமை இல்லாத நம்மால் மாகாணப் பேரவைத் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்பது எனக்கு வருத்தம்தான், ஏனெனில் நம் சம்பளத்தில் பிடிக்கும் வரி முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். கடிதத்தின் கீழே முன்பதிவுக்கான எண் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். போகும்போது வசிப்பிடச் சான்று, வாடகை ஒப்பந்தம், இரு நிறுவனங்களும் தந்த சம்பளச் சான்றுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.