வெளியுலகம் இருப்பதை ஃபினாமினாலஜி நிரூபிக்கிறதா?

கேள்வி: “நமக்கு நேரடியாகக் கிடைப்பது மனதில் தோன்றும் காட்சிகள் மட்டும்தான் என்றால், வெளியே ஓர் உலகம் இருப்பது எப்படித் தெரியும்? ஃபினாமினாலஜி இதைத் தீர்க்கிறதா?”

ஃபினாமினாலஜி என்பது, பொருள்கள் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் தத்துவ முறை. அதனிடம் நிரூபணம் எதிர்பார்த்தால் கிடைக்காது. கேள்வியின் முதல் பாதியையே அது ஏற்பதில்லை. அதன் பெரிய பலம் அதுதான் என்பேன்.

மேசைமேல் கிடக்கும் ஒரு புத்தகத்தைப் பாருங்கள். கண்ணில் படுவது மேலட்டையும் ஓர் ஓரமும்தான். ஆனாலும் பார்ப்பது புத்தகத்தை. உள்ளே தாள் இருக்கும், அடியில் பின்னட்டை இருக்கும் என்பதெல்லாம் யோசித்துக் கண்டுபிடிப்பதல்ல, பார்வையோடு சேர்ந்தே வருகிறது. எடுத்துப் பார்த்தால் புத்தகம் மாதிரி செய்த வெறும் பெட்டி என்று வையுங்கள், திடுக்கென்றிருக்கும். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் அந்தத் திடுக்கிடல் வராது. பொருள் எப்போதும் ஒரு பக்கத்தைக் காட்டி மற்ற பக்கங்களையும் சுட்டுகிறது என்கிறார் ஃபினாமினாலஜியைத் தொடங்கிய எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல். ஆசிரியர் பிரெண்டானோவிடம் கற்று அவர் வளர்த்தெடுத்த கருத்து இதற்கு அடிப்படை: உணர்வு என்றாலே ஏதோ ஒன்றைப் பற்றிய உணர்வு. படங்களை மாட்டி வைத்த அறை அல்ல மனம்.

சரி, ஒருமுறை ஏமாந்தோமே, எல்லாமே ஏமாற்றாக இருந்தால்? புத்தகம் என்ற நினைப்பைத் தள்ளியது எது என்று பாருங்கள். இன்னொரு பார்வை, கைக்குத் தெரிந்த எடை. புத்தகம் போய்ப் பெட்டி வந்தது, மேசை அப்படியேதான் இருந்தது. ஒன்றைப் பொய் என்று சொல்வதற்கே மற்றவற்றை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. அனுபவம் முழுவதுமே ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிப்போவதைக் கற்பனை செய்ய முடியும் என்று 1913இல் ஹுஸ்ஸெர்லே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அப்படிக் கற்பனை செய்ய முடிவது, உலகத்தை இப்போது சந்தேகிக்கக் காரணமாகாது.

அவருடைய ‘அடைப்புக்குறிக்குள் வைத்தல்’ என்ற முறையைப் பலர், சந்தேகிக்க முடிந்த எல்லாவற்றையும் பொய்போல ஒதுக்கிப் பார்த்த பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தின் சந்தேகத்தோடு குழப்புகிறார்கள். உலகம் இல்லை என்று ஹுஸ்ஸெர்ல் சொல்லவில்லை. உண்டா இல்லையா என்ற தீர்ப்பை நிறுத்திவைத்து, அது ‘உண்டு’ என்று நமக்கு எப்படித் தெரியவருகிறது என்று பார்க்கச் சொல்கிறார். வெளியுலகுக்கு நிரூபணம் இல்லாதது தத்துவத்துக்கே இழுக்கு என்றார் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி கான்ட். அப்படியொரு நிரூபணத்தைத் திரும்பத் திரும்ப எதிர்பார்ப்பதே இழுக்கு என்று 1927இல், ஹுஸ்ஸெர்லின் வழியில் வந்த ஹைடெக்கர் பதில் சொன்னார்.

அடுத்தவருக்கும் மனம் உண்டென்று எப்படித் தெரியும் என்ற இடத்தில்தான் ஹுஸ்ஸெர்ல் தடுமாறுகிறார். 1931இல் வெளிவந்த ‘கார்ட்டீசியத் தியானங்கள்’ என்ற அவருடைய நூலின் ஐந்தாம் பகுதி என்னைத் திருப்திப்படுத்தவில்லை. உடலிலிருந்து தொடங்கும் பிரெஞ்சு ஃபினாமினாலஜியாளர் மெர்லோ-பொந்தி இதில் மேல். ஹுஸ்ஸெர்லைப் படிக்க நினைத்தால், 1907இல் கோட்டிங்கனில் அவர் நிகழ்த்திய ஐந்து உரைகளிலிருந்து தொடங்குங்கள். சிறிய நூல்தான், நேராக இந்தக் கேள்வியைத்தான் எடுத்துப் பேசுகிறது.