எடையை எங்கே குறைத்தார்கள்? ரைஃபிள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய போல்ட்-ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்களின் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை) எடையைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாடல், காலிபர் (குழலின் உள்விட்டம்), வருடம் மூன்றும் இல்லாமல் ‘என் ரைஃபிள் ஏன் இவ்வளவு கனம்?’ என்று எழுதினால் பதில் சொல்ல முடியாது. எத்தனை முறை கேட்டுக்கொள்வது?

கே: வின்செஸ்டர் மாடல் 70 ஃபெதர்வெயிட்டில் எடை குறைந்தது பேரலை (சுடும் குழலை)க் குட்டையாக்கியதால்தானே?

அதனால் குறைந்தது கொஞ்சம்தான். 1952-இல் அந்த மாடல் வந்தபோது பேரல் 24 அங்குலத்திலிருந்து 22 ஆனது. எடை ஏறக்குறைய 8 பவுண்டிலிருந்து ஆறரைக்கு இறங்கியது. ஒன்றரை பவுண்டு என்றால் எழுநூறு கிராம். முனையில் 15 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பேரலில் 5 செ.மீ. வெட்டினால் போவது 55 கிராம், அவ்வளவே. அதே பேரலை முழு நீளத்துக்கும் விட்டத்தில் ஒரே ஒரு மி.மீ. மெலிதாகக் கடைந்தால் 120 கிராம் போகும். வின்செஸ்டர்காரர்கள் நம்பியது இந்த இரண்டாவது வழியைத்தான். சாதாரண மாடல் 70-இல் குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டுக்காக பேரலின் நடுவே ஒரு புடைப்பு இருக்கும். மரக்கட்டையின் முன் ஸ்க்ரூவும் அதில்தான் ஏறும். ஃபெதர்வெயிட்டில் புடைப்பும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. ட்ரிகர் கார்டும் மேகசினின் அடித்தகடும் எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாறின. அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். இங்கே ஐம்பது, அங்கே நூறு என்று பல இடங்களில் சேர்த்த எடை அது.

கே: எண்பட்டை பேரல் எடையைக் குறைக்கத்தானே?

இல்லை. எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அகலம் உருளைப் பேரலின் விட்டத்துக்குச் சமம் என்றால், எண்பட்டைதான் சுமார் 5 சதவீதம் அதிகக் கனம். அது அழகுக்காக.

கே: மவுசர் 98 ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகுக் கூடு) இடது சுவரில் அரைவட்டமாக வெட்டியிருக்கிறார்களே, எடைக்காகவா?

கிளிப்பிலிருந்து தோட்டாக்களை அழுத்தி இறக்கும்போது கட்டைவிரல் போக வழி. எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கே: மான்லிக்கர்-ஷோனவர் கார்பைனில் (குட்டை ரைஃபிள்) மரக்கட்டை பேரல் முனை வரை போகிறது. பிறகு எப்படி அது இலேசான ரைஃபிள் என்று பெயர் வாங்கியது?

நல்ல கேள்வி. ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆலையில் செய்த 1903 மாடல், 6.5 மி.மீ. காலிபர், 18 அங்குலப் பேரல், எடை 3 கிலோவை ஒட்டி. வால்நட் மரம் எஃகில் பன்னிரண்டில் ஒரு பங்கு கனம்தான். முன்பக்கம் நீட்டிய மரம் ஐம்பது கிராம் வந்தால் அதிகம். 22 அங்குலப் பேரலோடு ஒப்பிட்டால் 4 அங்குலம் குறைந்ததிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு மிச்சம். போல்ட்டின் கைப்பிடியைப் பாருங்கள்: உருண்டைக் குமிழ் இல்லாமல் தட்டையாக அடித்து, கட்டையோடு ஒட்டிக் கிடக்கும். உறையில் சிக்காது, கனமும் இல்லை. ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்காக நாள்கணக்கில் நடந்த டபிள்யூ.டி.எம். பெல் இந்த 6.5-ஐயும் ரிக்பியின் .275-ஐயும் விரும்பித் தூக்கியதற்கு எடையும் ஒரு காரணம்.

கே: தாத்தாவின் மவுசர் ஸ்போர்ட்டர் (வேட்டை ரைஃபிள்), லைசென்ஸோடு என் பெயருக்கு மாறியிருக்கிறது. கனமாக இருக்கிறது. தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து பேரலில் 4 அங்குலம் வெட்டி, ரிசீவரின் மேல்பக்கத்தையும் கொஞ்சம் இழைத்துவிடலாமா? (கோவை வாசகர்)

கூடவே கூடாது. இந்தக் கடிதம் ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

முதலில் சட்டம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், 6-வது பிரிவு: அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியின் பேரலைக் குட்டையாக்கவே கூடாது. உங்கள் கையில் இருப்பது ரைஃபிளை வைத்துக்கொள்ள லைசென்ஸ், வெட்டுவதற்கு அல்ல.

அடுத்தது எஃகு. பழைய மவுசர் ரிசீவர் உள்ளே மிருதுவான, கார்பன் குறைந்த எஃகு. மேல்தோல் மட்டும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆழத்துக்கு, கடினப்படுத்தியிருப்பார்கள். சுடும்போது போல்ட்டின் இரண்டு லக்குகளும் (பூட்டும் காதுகள்) ரிசீவர் வளையத்துக்குள் இருக்கும் திண்டில் முட்டி நிற்கின்றன. 7x57 போன்ற தோட்டாவில் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 டன் வரை போகும். அந்த அழுத்தத்தில் முட்டும் லக்கைத் தாங்குவது அந்த மெல்லிய தோல்.

மவுசர் ஆலை இருந்த ஓபர்ன்டார்ஃபில் எடை குறைக்க வேண்டிய இடங்களில் முதலில் கடைந்தார்கள். அதற்குப் பிறகுதான் சூடேற்றிக் கடினப்படுத்தினார்கள். உங்கள் பட்டறைக்காரர் செய்யப்போவது தலைகீழ். வெளியே இழைத்தால் மேல்தோலும் சுவரின் கனமும் சேர்ந்து போகும். இழைக்கும் சூடு ஏறினால் உள்ளே திண்டும் இளகும். பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் லக் கொஞ்சம் கொஞ்சமாகத் திண்டில் பதியும், ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடும், ஒருநாள் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு உங்கள் முகத்துக்கு வரும்.

வளையத்தின் மேலிருந்த முத்திரைகளை மழமழவென்று தேய்த்து, போல்ட் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்து, ‘இலேசாக்கிவிட்டோம்’ என்று காட்டிய ரைஃபிள்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. ப்ரூஃப் முத்திரை என்பது அந்த அளவில் இருந்த அந்த எஃகைச் சோதித்ததற்கான சாட்சி. அளவை மாற்றினால் சாட்சி செல்லாது. நூறு வருடம் தாங்கிய வேலையை ஒரு மத்தியானத்தில் கெடுத்தவர்களை என்ன சொல்வது? மேலே பெரிய ஸ்கோப்பும் எஃகு மவுண்டும் இருந்தால் கழற்றிப் பாருங்கள், அரை கிலோ போகும். அகலமான தோல் ஸ்லிங் (தோளில் மாட்டும் வார்) போடுங்கள். ரிசீவர் வளையத்தின் மேல் கை வைக்காதீர்கள்.

கே: பட் பிளேட்டை (கட்டையின் பின்முனைத் தகடு)க் கழற்றினேன், மரத்தில் ஆழமாக ஓட்டை. பூச்சி அரித்ததா?

பூச்சி இப்படி வட்டமாக அரிக்காது. செய்தவரே துளைத்தது. 2 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் என்றால் போவது 25 கிராம்தான். ஆனால் பேரலை மெலிதாக்கி முன்பக்கம் இலேசானதும் பின்பக்கம் கனத்துவிடும். அந்தச் சமநிலைக்காகத் துளைப்பார்கள். பிளேட்டில் சின்ன மூடி இருந்தால் அது வேறு: துடைக்கும் கம்பி வைக்கிற இடம்.

கே: லீ-என்ஃபீல்ட் நம்பர் 5 இலேசாக இருக்கிறது. அதையே வேட்டைக்கும் செய்திருக்கலாமே?

1944-இல் வந்த ராணுவ ரைஃபிள் அது. பேரலின் அடிப்பகுதியிலும் ரிசீவரிலும் சீவினார்கள், போல்ட் குமிழைக்கூடக் குடைந்தார்கள். அதற்கு முந்தைய நம்பர் 4 சுமார் 4 கிலோ, இது 3.2. அதே .303 தோட்டாதான்; கணக்குப்படி உதை கால் பங்கு கூடும். குறி நிலைக்காமல் அலைகிறது என்ற புகார் வேறு. இலேசான ரைஃபிளுக்கு இலேசான தோட்டா என்பதை வேட்டை ரைஃபிள் செய்தவர்கள் முன்பே புரிந்துவைத்திருந்தார்கள்.

கே: ஆக்‌ஷனையே (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்தது) சின்னதாக்கியவர்கள் உண்டா?

உண்டு. மவுசரின் குர்ட்ஸ் ஆக்‌ஷன் குட்டைத் தோட்டாக்களுக்கென்றே செய்தது. சாவேஜ் 1920 மாடல் .250-3000, .300 சாவேஜ் என்ற குட்டைத் தோட்டாக்களுக்கு அளவெடுத்தது, சுமார் 6 பவுண்டு. என்னைக் கேட்டால் எடை குறைப்பதில் மிக நேர்த்தியான வழி இதுதான்: எதையும் சீவாமல், தேவைக்கு மேல் எஃகே வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

கே: மெல்லிய பேரலில் ஐந்தாறு குண்டுக்குப் பிறகு குறி விலகுகிறதே?

விலகும். குளிர்ந்த பேரலில் முதல் இரண்டு குண்டுக்காகச் செய்தது அது. ரேஞ்சில் பத்துப் பத்தாகச் சுட வேண்டுமென்றால் கனமான பேரல் வாங்குங்கள்.