ஓசிச் சூளை இருக்கும்போதே உடைத்துப் பழகுங்கள்

போன மாதம் செராமிக்ஸ், அதாவது மண்ணை வனைந்து சுட்டுப் பொருள் செய்யும் படிப்பைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மீதி பெரும்பாலும் "சக்கரம் எங்கே வாங்கலாம்?" என்ற கேள்விதான். படிப்பில் சேரும்வரை தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கியவர்கள் வீட்டில் அது இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருக்கிறது.

கேள்வி: அக்கா, ப்ளஸ் டூ முடித்துவிட்டேன். செராமிக்ஸ் படிக்க ஆசை. "சட்டி பானை செய்யறதுக்கு எதுக்குடி காலேஜு?" என்கிறார் அப்பா. எங்கே படிக்கலாம்? (வாசகி, கடலூர்)

பதில்: முதலில் நீ ஒன்றை யோசிக்க வேண்டும். உனக்குப் பிடித்தது பொருளின் வடிவமா, இல்லை மண் சூட்டில் ஏன் கல்லாகிறது என்கிற சங்கதியா? இரண்டுக்கும் வேறு வேறு படிப்பு. இது தெரியாமல் மாறிச் சேர்ந்துவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடிவம் என்றால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஓவியம், சிற்பத்தோடு செராமிக் வடிவமைப்பும் அங்கே தனித் துறை. நான்கு வருடப் பட்டப்படிப்பு. சேர்வதற்கு மார்க் மட்டும் போதாது, வரைதிறன் தேர்வு உண்டு. ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டை வாங்கி வீட்டில் இருக்கும் சொம்பு, குடம், அம்மிக்கல் எல்லாவற்றையும் வரைய ஆரம்பி. வட்டமான வாயைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எப்படி நீள்வட்டமாகத் தெரிகிறது என்பது கைக்கு வந்துவிட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் செராமிக் – கண்ணாடி வடிவமைப்புப் பிரிவு இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம். போட்டி அதிகம், செலவும் அதிகம்.

மண்ணின் ரசாயனம்தான் பிடிக்கும் என்றால் சென்னை ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) செராமிக் டெக்னாலஜி பி.டெக். இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே, விருத்தாசலத்தில், பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ இருக்கிறது. சுற்றிலும் பொம்மை, அகல் விளக்கு செய்யும் பீங்கான் தொழிற்கூடங்கள். அப்பாவை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போ. வாக்குவாதத்தால் ஆகாதது, சூளையிலிருந்து தட்டுத் தட்டாகச் சரக்கு வெளியே வருவதைப் பார்த்தால் ஆகலாம். வீட்டில் மெயின் சுவிட்சுக்குள் இருக்கும் ஃபியூஸ் கட்டை, கரண்ட் கம்பத்து வெள்ளைக் கிண்ணி, கழிவறைப் பேசின், தரை டைல்ஸ் எல்லாமே சட்டி பானையின் பேரப்பிள்ளைகள்தான் என்றும் சொல்லு.

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் செய்யும் பாத்திரம் பத்தில் ஆறு வெடிக்கிறது. ஓவியத்துறைக்கு மாறிவிடலாமா என்று இருக்கிறது. (வாசகர், திருச்சி)

பதில்: பத்தில் நாலு தேறுகிறதா? இரண்டாம் வருடத்தில் எனக்கு அவ்வளவுகூடத் தேறியதில்லை.

வெடிக்கிறது என்று எழுதினீர்கள், எப்படி வெடிக்கிறது என்று எழுதவில்லையே! விஷயமே அதில்தான் இருக்கிறது. உடைந்ததைத் தூக்கிப் போடாமல் கையில் எடுத்து விரிசலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மழுங்கி, கிளேஸ் (மேலே பூசி, சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு) அதற்குள் வழிந்து இறங்கியிருந்தால் கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டது. காயவைத்ததிலோ, கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சூட்டிலோ பிழை. ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூர்மையாக இருந்தால் ஆறும்போது விழுந்தது. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் 573 டிகிரியைக் கடக்கும்போது சட்டென்று அளவு மாறும், ஏறும்போதும் சரி இறங்கும்போதும் சரி. அந்த இடத்தில் அவசரப்பட்டால் பாத்திரம் தாங்காது. "உள்ளே என்ன வந்திருக்கிறது" என்று ஆசை தாங்காமல் சூளைக் கதவை இரண்டு விரற்கடை திறந்து பார்த்து, ஒரு தட்டு வரிசை முழுவதும் டிங் டிங் என்று விட்டுப்போன சத்தத்தைக் கேட்டவள் நான். இன்னும் காதில் இருக்கிறது.

அடிப்பாகத்தில் எஸ் எழுத்து மாதிரி விரிசலா? வனையும்போது அடியை விரலால் அழுத்தி இறுக்கவில்லை, குளம் கட்டிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கவில்லை. கோப்பையின் காது, அதாவது கைப்பிடி ஒட்டிய இடத்திலா? கோப்பையும் காதும் ஒரே ஈரத்தில் இல்லை. முதல் சூட்டில் சிதறித் தூள் தூளாகிறதா? காற்றுக் குமிழ்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் காரணம் ஈரம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை.

துறை மாறுவது உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று. கல்லூரியில் சூளை ஓசி. வெளியே வந்த பிறகு ஒவ்வொரு சூட்டுக்கும் கரண்ட் பில் அல்லது கேஸ் பில் உங்கள் பெயரில் வரும், ஓரளவு பெரிய மின்சூளை என்றால் மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின் இணைப்பு வேண்டும், வாங்க லட்சக்கணக்கில் ஆகும். அப்போது உடைந்தால் வயிறு எரியும். இப்போது உடைந்தால் ஒரு பாடம், அவ்வளவுதான். அதனால் இந்த இரண்டு வருடமும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்.

அப்புறம் கிளேஸ் நோட்டு. மூன்று கிளேஸ் பொருளை ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையில் வைத்து, ஐந்து படியாகக் கலந்து போனால் 21 சோதனை வில்லை வரும். கோபால்ட் அரை சதவீதம் போட்டாலே நீலம் அடித்துக்கொண்டு வரும். செம்பு, காற்றோட்டமுள்ள சூளையில் பச்சை. காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் அதே செம்பு சிவப்பு. இதை நான் எழுதி நீங்கள் படிப்பதில் பிரயோஜனம் இல்லை, 21 வில்லையையும் சுட்டு, பின்னால் எண் போட்டு, எண்ணுக்கு நேராக அளவை எழுதி வையுங்கள். என்னோடு படித்தவர்களில் இன்று இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் யாரென்று பார்த்தால், நன்றாக வனைந்தவர்கள் இல்லை, நோட்டு வைத்திருந்தவர்கள்.

கேள்வி: கடைசி ஆண்டு. போர்ட்ஃபோலியோவில் (செய்ததைக் காட்டும் தொகுப்பில்) என்ன வைப்பது? வேலை கிடைக்குமா, இல்லை சொந்தமாக ஸ்டுடியோ போடுவதா? ஒரு கோப்பைக்கு என்ன விலை சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. (வாசகி, கோவை)

பதில்: விலையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு காபி கோப்பைக்கு மண்ணும் கிளேஸும் 40 ரூபாய், இரண்டு சூட்டில் அதன் பங்கு 60 ரூபாய். வனைந்து, அடியைச் சீவி, காது ஒட்டி, கிளேஸில் முக்கி, துடைத்து எடுக்க மொத்தம் 40 நிமிடம். உங்கள் கைக்கு மணிக்கு 210 ரூபாய் என்றால் 140. ஆக 240. பத்துக்கு எட்டுதான் தேறும் என்றால் தேறியது ஒவ்வொன்றும் 300. கடையில் வைத்து விற்க, கடைக்காரர் நூற்றுக்கு நாற்பது எடுத்துக்கொண்டால், மேலே ஒட்டும் விலை 500. இதில் வாடகை இல்லை, உங்கள் லாபமும் இல்லை. நீங்கள் 250 என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தால், வாங்குகிறவருக்கு ஒவ்வொரு கோப்பையோடும் கையிலிருந்து காசு கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம்.

வேலை இருக்கிறது, ஆனால் நீங்கள் கனவில் பார்த்த வேலையாக இருக்காது. குஜராத்தில் மோர்பி டைல்ஸ் ஊர். அங்கே மேற்பரப்பு வடிவமைப்பு முழுக்கக் கணினியில்தான், சக்கரத்தைத் தொடவே வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா தட்டு, கோப்பை ஊர். ஸ்டுடியோ வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும் என்றால் பாண்டிச்சேரிக்குப் போங்கள். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள், அங்கே கற்றவர்கள் நாடு முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மண்ணால் வீட்டைக் கட்டி அந்த வீட்டையே சூளையாக்கி முழுசாகச் சுட்டவர் மீக்கர். நம் கலை கோப்பையோடு முடிவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சூளை இல்லாத இடைக்காலத்துக்கு, சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் செராமிக் பட்டறையை விசாரித்து வையுங்கள்.

போர்ட்ஃபோலியோவா? பதினைந்து பொருள் போதும், ஐம்பது வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் வெறும் சுவர். ஒரு படத்திலாவது கையில் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது குடமா குங்குமச் சிமிழா என்று யாருக்கும் தெரியாது. கிளேஸ் வில்லைகள், பென்சில் வரைபடங்கள், கோணிப்போன ஒரு பாத்திரமும் அது ஏன் கோணியது என்று இரண்டு வரியும் வையுங்கள். ஓட்டலுக்குத் தட்டு செய்துதர நினைத்தால், ஒரே எடை மண்ணில் ஒரே மாதிரி இருபது கிண்ணம் வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் எடுங்கள். ஓட்டல்காரர் அழகையெல்லாம் அப்புறம்தான் பார்ப்பார், முதலில் அடுக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்.

கேள்வி: நாங்கள் வேளார். அப்பா இன்னும் சக்கரம் சுற்றுகிறார். கல்லூரியில் எனக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? நண்பர்களிடம் வீட்டுத் தொழிலைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: கூச்சமா? உன் வகுப்பில் மற்றவர்கள் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தவே மாதக்கணக்கில் திணறுவார்கள் தம்பி. நீ அதைப் பத்து வயதில் முடித்திருப்பாய். மானாமதுரைப் பானைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர்க் கடம் கச்சேரி மேடையில் இருக்கிறது.

கல்லூரியில் கிடைப்பது உயர்சூடு. வீட்டுச் சூளையில் வேகும் பானையில் துளை இருக்கும், தண்ணீர் கசிந்து ஆவியாகும், அதனால்தான் உள்ளே குளிர்கிறது. 1200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேரில் அந்தத் துளை அடைபட்டுவிடும். இது மேல், அது கீழ் என்றில்லை. இரண்டும் வேறு வேலைக்கு. கூடவே வரைவது, கிளேஸ் கணக்கு, விலை பேசுவது. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கிறேன், அப்பாவின் மண்ணை அப்படியே உயர்சூட்டுச் சூளையில் வைத்துவிடாதே, உருகி ஷெல்ஃபோடு ஒட்டிக்கொள்ளும்.

உனக்கு நான் தரும் முதல் வீட்டுப்பாடம் வேறு. அப்பா எந்தக் குளத்து மண்ணோடு எந்த மணலை எவ்வளவு கலக்கிறார், உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டும்போது எப்போது நிறுத்துகிறார், சூளை வெந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்கிறார், எல்லாவற்றையும் கேட்டு எழுது. போனில் படமும் எடு. "அதெல்லாம் கைக்குத் தெரியும்டா" என்பார், விடாதே.

கேள்வி: மண் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: ஈர மண்ணைக் கண்டு பயம் வேண்டாம். காய்ந்த தூளில் இருக்கும் சிலிக்காதான் ஆபத்து, அதனால் வரும் நுரையீரல் நோய் வந்தால் திரும்பாது. கிளேஸ் பொடி கலக்கும்போது என்95 மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை கட்டினால் போதாது. காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள். பட்டறையைக் கூட்டவே கூட்டாதீர்கள், தண்ணீர் விட்டு மாப் போடுங்கள். ஏப்ரனை வீட்டுத் துணியோடு சேர்த்து உதறாதீர்கள்.