நிசான் ஜிடி-ஆர் எல்எம்: ஒரே பந்தயத்தோடு முடிந்த கார் (கேள்வி பதில்)

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் 2015-இல் நிசான் இறக்கிய கார் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கார்த்திக், சேலம்: அண்ணா, எல்லா அணியும் என்ஜினைப் பின்னால் வைக்கும்போது நிசான் மட்டும் முன்னால் வைத்து, முன்சக்கரத்தால் காரை இழுக்க வைத்தது ஏன்? வெறும் விளம்பரமா?

விளம்பரம் பலமாகத்தான் செய்தார்கள் தம்பி. 2015 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே இந்தக் காரைக் காட்டினார்கள். ஆனால் யோசனை பிறந்தது விதிப்புத்தகத்தில். லெ மானின் உச்ச வகுப்பான எல்எம்பி1-இன் அப்போதைய விதிகள், காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் காற்றழுத்தத்தைப் பின்பக்கத்தில் எடுப்பதை இறுக்கிப் பிடித்திருந்தன. முன்பக்கம் கொஞ்சம் தாராளம். வடிவமைப்பாளர் பென் பௌல்பி அங்கேதான் பிடித்துக்கொண்டார். அழுத்தம் முன்னால் என்றால் எடையும் முன்னால் வேண்டும். அப்படியானால் என்ஜினும் அங்கேதான், அகல டயரும் அங்கேதான். முன் டயர் 14 அங்குல அகலம், பின் டயர் வெறும் 9. முன்னால் நுழையும் காற்று காரின் உடலுக்குள்ளேயே சுரங்கம் மாதிரிப் போய்ப் பின்னால் வெளியேறும். காகிதத்தில் பார்த்தால் எனக்கு இன்றும் பிடித்த கார் அது.

ஷாஜகான், கோவை: முன்சக்கர இழுவைதான் காரைக் கெடுத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்களே?

எனக்கு அதில் உடன்பாடில்லை. கெடுத்தது ஹைப்ரிட். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றலை ஒரு ஃப்ளைவீலில், அதாவது அசுர வேகத்தில் சுழலும் ஒரு சக்கரத்தில் சேர்த்துவைத்து, முடுக்கும்போது திருப்பித் தருவது திட்டம். ஒரு சுற்றுக்கு 8 மெகாஜூல் என்று கனவு கண்டார்கள். அந்தக் கருவி தயாராகவே இல்லை. கடைசியில் 2 மெகாஜூல் பிரிவில் பதிவு செய்து, பந்தயத்தில் அதுவும் வேலை செய்யாமல், 3 லிட்டர் இரட்டை டர்போ வி6 என்ஜினை மட்டும் நம்பி ஓட்டினார்கள்.

சரி, வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். காரின் மற்ற பாகங்கள் எல்லாம் ஹைப்ரிட் இருக்கும் என்ற நம்பிக்கையில் வரையப்பட்டவை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை ஃப்ளைவீல் எடுத்துக்கொள்ளும் என்று எண்ணி முன் பிரேக்குகளை அளவாக வைத்திருந்தார்கள். ஃப்ளைவீல் இல்லாததால் முழுச் சுமையும் அந்தப் பிரேக்குகள் தலையில். லெ மானின் நீளமான முல்சான் நேர்சாலையில் 300 கிலோமீட்டரைத் தாண்டிப் போகும் கார், திருப்பத்துக்கு முன் வேகத்தைக் கொட்ட வேண்டும். பிரேக் கொதித்துவிடும் என்பதால் ஓட்டுநர்கள் மற்றவர்களைவிட வெகு முன்னாலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்கள். போதாததற்கு, சஸ்பென்ஷன் தாங்காது, திருப்பங்களின் ஓரக்கட்டையில் ஏற்றாதே என்றும் உத்தரவு. லெ மானில் ஓரக்கட்டையைத் தொடாமல் வேகமாக ஓட்டுவது என்பது நடக்காத காரியம்.

மீனாட்சி, மதுரை: மற்ற கார்களைவிட எவ்வளவு பின்தங்கியது?

2015-இல் புறப்படும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் போர்ஷேயின் நீல் யானி 3 நிமிடம் 16.887 வினாடியில் சுற்றி முதலிடம் பிடித்தார். நிசானின் மூன்று கார்களில் வேகமானதுக்கு ஏறக்குறைய 3:37. இருபது வினாடி! ஒரு வகுப்பு கீழே உள்ள எல்எம்பி2-இல் முதலில் வந்த காரே 3:38 அளவில் ஓடியது. முதலிடத்தின் 110 சதவீத நேரத்துக்குள் வராததால் மூன்றையும் எல்எம்பி2 வரிசைக்குப் பின்னால் தள்ளினார்கள்.

ஜோசப், நாகர்கோவில்: மூன்றில் ஒன்றாவது முடித்ததா சார்?

21-ஆம் எண் காரின் சக்கரம் கழன்றது. 23-ஆம் எண் கடைசி மணி நேரங்களில் நின்றுபோனது. 22-ஆம் எண் கார் கொடி விழும்வரை ஓடியது. ஆனால் ஜெயித்த போர்ஷே 395 சுற்று, இது 242. வெற்றியாளரின் தூரத்தில் 70 சதவீதம் தொடாததால் முடிவுப் பட்டியலில் இடம் கிடையாது.

ரேவதி, பெங்களூரு: தயாராகவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கலாமே?

போட்டிருக்க வேண்டும். லெ மானும் அடங்கிய உலக சாம்பியன்ஷிப் தொடரில், அந்த சீசனின் முதல் இரண்டு பந்தயங்களான சில்வர்ஸ்டோன், ஸ்பா இரண்டையும் தவிர்த்தார்கள். ஆக, இந்தக் கார் ஓடிய முதல் பந்தயமே உலகத்திலேயே கடினமானது. சூப்பர் பவுலில் காட்டிவிட்ட காரை ஜூன் மாதம் லெ மானுக்கு வரவிடாமல் எந்த மேலாளர் தடுப்பார்? என் பார்வையில் கார் தோற்றது பிப்ரவரியில்தான். பந்தயத்துக்குப் பிறகு மீதி சீசனிலும் இறங்கவில்லை. டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இளங்கோ, ஈரோடு: பௌல்பி இதற்கு முன்னாலும் விசித்திரமாக ஏதோ செய்தாராமே?

டெல்டாவிங். 2012-இல் நிசான் என்ஜினோடு லெ மானில் ஓடியது. முன்பக்கம் ஊசி மாதிரி ஒடுங்கிய கார். லெ மான் பாதையின் ‘போர்ஷே வளைவுகள்’ என்ற பகுதியில் கஸுகி நகஜிமாவின் டொயோட்டா உரசி, சுவரில் போய் மோதியது. பாதையில் நின்ற காரை ஓட்டுநர் தவிர யாரும் தொடக் கூடாது என்பது விதி. ஓட்டுநர் சதோஷி மோட்டோயமா தனியாளாக உட்கார்ந்து கழற்றிப் பூட்ட, வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற மெக்கானிக்குகள் 'அதைக் கழற்று, இதை வளை' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் போராடியும் கார் நகரவில்லை. லெ மான் வீடியோக்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள்.

பாலா, தஞ்சாவூர்: நிசான் லெ மானில் எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. 1990-இல் மார்க் பிளண்டல் ஆறு வினாடி வித்தியாசத்தில் முதலிடத்திலிருந்து கிளம்பினார். 1998-இல் ஆர்390 கார்கள் நான்கும் முதல் பத்துக்குள், ஒன்று மூன்றாவது இடம். வெற்றி மட்டும் கிடைக்கவில்லை.

அனிதா, சென்னை: 2015 லெ மானில் நம் ஊர்க்காரர் யாராவது ஓட்டினார்களா?

சென்னைக்காரர் கருண் சந்தோக், மர்ஃபி அணியின் எல்எம்பி2 காரில். 2012 லெ மானில் மொத்தத்தில் ஆறாவதாக வந்தவர் அவர். நிசான்களை எல்எம்பி2 வரிசைக்குப் பின்னால் தள்ளிவிட்டதால், 2015-இல் அவருடைய கார் அந்த மூன்றுக்கும் முன்னால் நின்று புறப்பட்டது.