கேள்வி நேரம்: ஐபிஎக்ஸ் எங்கே போனது?

கேள்வி: 90களில் கம்ப்யூட்டர் சென்டரில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் (கணினிகளை இணைக்கும் சர்வர் மென்பொருள்) படித்தவன் நான். அப்போது கணினிகள் ஒன்றோடொன்று பேச எதற்கெடுத்தாலும் ஐபிஎக்ஸ் என்ற விதிமுறைதான் (புரோட்டோகால்). இப்போது மகனின் கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டினால் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது அவ்வளவு மோசமான புரோட்டோகாலா? (திருச்சி வாசகர்)

பதில்: மோசம் என்று சொன்னால் அநியாயம். ஒரே கட்டடத்துக்குள் ஐம்பது கணினிகளை இணைக்க வேண்டுமென்றால், இன்டர்நெட்டின் புரோட்டோகாலான டிசிபி/ஐபி அந்தக் காலத்தில் இருந்ததைவிட ஐபிஎக்ஸ் எவ்வளவோ சுலபம். அதன் முகவரி 10 பைட். அதில் 4 பைட் நெட்வொர்க் எண், மீதி 6 பைட் நெட்வொர்க் கார்டிலேயே பதிந்து வரும் மேக் முகவரி. சர்வரில் நெட்வொர்க் எண்ணை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். டாஸ் கணினியைப் போட்டதும் அது 'பக்கத்தில் சர்வர் யாராவது இருக்கிறீர்களா' என்று கேபிள் முழுக்கக் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அதிலிருந்து தான் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான், லாகின் திரை வந்துவிடும். அதே சமயத்தில் டிசிபி/ஐபி வைத்திருந்த பெரும்பாலான இடங்களில் ஐபி எண், சப்நெட் மாஸ்க், கேட்வே எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினியிலும் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவற்றைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி என்ற வசதிக்கான விதிமுறையே 1993இல்தான் வெளிவந்தது.

அடிப்படையில் இது நாவெல் சொந்தமாக யோசித்ததும் இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்என்எஸ் புரோட்டோகால்களை எடுத்துக் கொஞ்சம் மாற்றியதுதான் ஐபிஎக்ஸும், தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று அதன் மேல் உறுதி செய்யும் எஸ்பிஎக்ஸும். இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழகியதால், கோப்புகள் எஸ்பிஎக்ஸ் வழியாகப் போவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது சரியில்லை. கோப்பு வேலையை என்சிபி என்ற இன்னொரு புரோட்டோகால் நேரடியாக ஐபிஎக்ஸ் மேலேயே செய்தது. பிரின்ட் சர்வர், ஆர்கன்சோல் (சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் நிரல்) மாதிரி சிலவற்றுக்குத்தான் எஸ்பிஎக்ஸ்.

சரி, அப்புறம் ஏன் போனது? கட்டடத்தைவிட்டு வெளியே வந்ததும் அதற்குத் திணறல். ஒவ்வொரு சர்வரும், பிரின்ட் சர்வரும், 60 விநாடிக்கு ஒருமுறை தன் சேவைகளை எல்லோருக்கும் அறிவிக்கும். இதற்கு எஸ்ஏபி என்று பெயர். ரூட்டர்கள் அந்தப் பட்டியலைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த நெட்வொர்க்குக்கும் அனுப்பும். ஒரு பாக்கெட்டில், அதாவது கேபிளில் போகும் ஒரு தரவுப் பொதியில், 7 சேவைகள்தான் கொள்ளும். 10 மெகாபிட் ஈதர்நெட்டில் இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் இரண்டு ஊர்களை இணைக்கும் 64 கிலோபிட் லைன் ஒன்றை எடுத்துக்கொண்டு, மொத்தம் 1000 சேவைகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 143 பாக்கெட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 500 பைட், ஆக நிமிடத்துக்கு 70 கிலோபைட். ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 9 விநாடி லைன் இதற்கே போய்விடும், யாரும் ஒரு கோப்பைக்கூடத் திறக்காமலே. போதாக்குறைக்கு என்சிபி ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். தூரம் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். பின்னாளில் பல பாக்கெட்டுகளை ஒரேயடியாக அனுப்பும் பாக்கெட் பர்ஸ்ட், அறிவிப்புகளைக் குறைக்கும் என்எல்எஸ்பி என்று நாவெல் இவற்றுக்கெல்லாம் தீர்வு கொண்டுவந்தது, நல்ல தீர்வுகள்தான், ஆனால் அதற்குள் எல்லோருக்கும் இன்டர்நெட் தேவைப்பட ஆரம்பித்துவிட்டது. பிரவுசருக்காக ஒவ்வொரு கணினியிலும் டிசிபி/ஐபி வந்தே ஆக வேண்டும் என்றான பிறகு, இன்னொன்றை எதற்குப் பராமரிக்க வேண்டும்? 1998இல் வந்த நெட்வேர் 5 ஐபிஎக்ஸ் இல்லாமலே ஓடியது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பாடத்தில் ஐபிஎக்ஸுக்கு ஒரு பக்கமாவது கொடுத்திருக்கலாம். மகனுக்கு ஐபிவி6 (இன்டர்நெட் புரோட்டோகாலின் புதிய பதிப்பு) பாடம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரூட்டர் நெட்வொர்க் எண்ணை அறிவிக்கும், கணினி தன் பாதி முகவரியை மேக் எண்ணிலிருந்து தானே அமைத்துக்கொள்ளும் என்று ஒரு முறை அதில் வரும். அதைக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஆசிரியரே தேவையில்லை.

கேள்வி: பழைய நெட்வேர் 3.12 சர்வர் ஒன்றை ஆசைக்காக உயிர்ப்பித்தேன். கோஆக்சியல் கேபிள், இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் (முனையை மூடும் மின்தடை) போட்டாயிற்று. டாஸ் கணினியிலிருந்து சர்வர் தெரியவே மாட்டேன் என்கிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் மல்டிமீட்டர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டி கனெக்டரில் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் இடையே அளந்து பாருங்கள். சுமார் 25 ஓம் வர வேண்டும், ஏனென்றால் இரண்டு 50 ஓம் டெர்மினேட்டர்களும் இணையாக நிற்கின்றன. 50 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் சரியில்லை, அல்லது நடுவில் எங்கோ கேபிள் விட்டுப்போயிருக்கிறது.

25 வந்துவிட்டதா? அப்படியானால் ஃபிரேம் வகையில்தான் எனக்குச் சந்தேகம். ஈதர்நெட்டில் ஐபிஎக்ஸ் பாக்கெட்டைப் பொதியும் முறை ஒன்றல்ல, நான்கு: 802.3, 802.2, ஈதர்நெட் 2, ஸ்நாப். 3.11 வரை நாவெல் தானாக எடுத்துக்கொண்டது 802.3. உங்கள் 3.12இலிருந்து அது 802.2 ஆக மாறியது. டாஸ் பக்கம் பழைய டிரைவர் இருந்தால் இரண்டும் ஒரே கேபிளில் இருந்துகொண்டே ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, காரணத்தையும் சொல்லாது, சர்வர் கிடைக்கவில்லை என்று மட்டும் வரும். நெட்.சிஎஃப்ஜி கோப்பில் லிங்க் டிரைவர் பகுதியின் கீழ் ஃபிரேம் வரியை சர்வரில் உள்ளதற்குப் பொருத்தமாக மாற்றுங்கள். இல்லையென்றால் சர்வரிலேயே அதே கார்டு டிரைவரை இரண்டாவது ஃபிரேமுடன் இன்னொரு முறை ஏற்றி, ஐபிஎக்ஸை அதோடு இணைக்கலாம் (பைண்ட்). ஆனால் அதற்கு வேறு நெட்வொர்க் எண் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேம் வகையையும் நெட்வேர் தனி நெட்வொர்க்காகத்தான் பார்க்கும், பலரும் தடுக்கி விழுகிற இடம் இது.

கேள்வி: விண்டோஸில் கணினிப் பெயருக்கு 15 எழுத்து வரம்பு ஏன்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: 1983இல் ஐபிஎம் பிசி நெட்வொர்க்குக்காக சைடெக் நிறுவனம் உருவாக்கிய, கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அழைக்கும் முறையான நெட்பயாஸிலிருந்து வந்தது. அதில் பெயருக்கு 16 பைட். கடைசி பைட்டை, அந்தப் பெயர் எந்த வகைச் சேவை என்பதைக் குறிக்க மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிவிட்டதால், நமக்கு மிஞ்சுவது 15. நெட்பயாஸைச் சுமந்த நெட்பியூயி என்ற பழைய புரோட்டோகாலுக்கு நெட்வொர்க் எண் என்ற ஒன்றே கிடையாது, அதனால் ரூட்டரைத் தாண்ட முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியோடு அதற்கான ஆதரவு நின்றது. ஆனால் 1987லேயே நெட்பயாஸ் பெயர்களை டிசிபி/ஐபி மேல் ஏற்றிவிட்டதால் வரம்பு மட்டும் தங்கிவிட்டது.

கேள்வி: பழைய டாஸ் விளையாட்டுகளை அண்ணனும் நானும் இரண்டு கணினிகளில் ஆட முடியுமா? ஐபிஎக்ஸ் கேட்கிறது, விண்டோஸ் 10இல் இல்லை. (கோவை வாசகர்)

பதில்: தாராளமாக. விஸ்டாவிலிருந்தே விண்டோஸில் ஐபிஎக்ஸ் கிடையாது, ஆனால் டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் அதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஐபிஎக்ஸை ட்ரூ என்று மாற்றுங்கள். ஒரு கணினியில் ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர், மற்றதில் ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட் என்று அடித்து முதல் கணினியின் ஐபி எண். பாக்கெட்டுகள் யுடிபி என்ற இன்டர்நெட் புரோட்டோகாலுக்குள் பொதிந்து போகும், போர்ட் 213, ஃபயர்வாலில் அதைத் திறந்துவிடுங்கள். விண்டோஸ் 95 காலத்து விளையாட்டென்றால் டாஸ்பாக்ஸுக்குப் பதிலாக ஐபிஎக்ஸ்ராப்பர் என்ற நிரலைத் தேடுங்கள், அதுவும் ஐபிஎக்ஸை இதே போல யுடிபிக்குள் அனுப்பும்.